சுண்டுவிரலின் தூது

புதுச்சேரியினின்று கடலூர் நோக்கித் தெற்கே செல்லும் பெருஞ்சாலையில் கிருமாம்பாக்கம் என்னும் ஊர் அமைந்துள்ளது. பாகூர்ப் பகுதியின் நெல்வயல்களுக்கும் வங்கக் கடற்கரைக்கும் இடைப்பட்ட அவ்வூர்ப் புறத்தில் தென்னைகள் செழித்து நிற்கின்றன. தென்னை உள்ள இடத்தில் மரமேறுவோர் இருப்பர். இக்காலத்திலோ, வீடு உள்ள இடத்திலெல்லாம் கணினியும் இருக்கிறது. மரமேறும் கைக்கும் கணினியில் எழுதும் கைக்கும் யாதொரு தொடர்பும் இல்லை என்றே நான் நெடுநாள் எண்ணியிருந்தேன். அவ்வெண்ணம் பிழை என்பதை என் சுண்டுவிரலே எனக்கு உணர்த்திற்று.

சில ஆண்டுகளுக்கு முன்னர் எங்கள் கொல்லையில் தேங்காய் பறிக்க ஒருவர் வந்தார். அவர் நாற்பது வயதைக் கடந்தவர்; இளமை முதலே மரமேறிப் பிழைப்பவர். அன்று மரத்தினின்று இறங்கியதும் தளைக்கயிற்றைக் கழற்றாமலே வலக்கையை உதறிக்கொண்டு நின்றார்.

"என்ன தம்பி, கை வலிக்கிறதா?" என்றேன்.

"வலியில்லை, ஐயா. சுண்டுவிரலும் அதற்கு அடுத்த விரலும் மரத்துப் போகின்றன. இரவில் எறும்பு ஊர்வதுபோல் இருக்கிறது. மரமேறுகிறவன் விரல் மரத்துப் போவதில் வியப்பென்ன?" என்று கூறி அவர் நகைத்தார்.

எனக்கு நகைப்பு வரவில்லை. பணியினின்று ஓய்வு பெற்றபின் பழைய இலக்கண உரை ஒன்றைக் கணினியில் ஏற்றும் வேலையை நான் மேற்கொண்டிருந்தேன். நாள்தோறும் பல மணி நேரம் முழங்கைகளை மேசை விளிம்பில் ஊன்றியபடி எழுதுவேன். சில திங்களாக என் இடக்கையிலும் அதே இரண்டு விரல்கள் மரத்துப்போய்க் கொண்டிருந்தன. முதுமையின் விளைவு என்று நான் வாளா இருந்தேன். தொழிலின் விளைவு என்று அவர் வாளா இருந்தார். இருவரும் ஒருநாள் மருத்துவரை நாடிச் சென்றோம். அங்கு நாங்கள் அறிந்தவற்றையும், பின்னர் நான் நூல்களில் கற்றவற்றையும் இங்கே கூறுவேன்.

தமிழில் முழங்கை முதல் விரல் நுனி வரை உள்ள நீளம் ஒரு முழம் எனப்படும். இலத்தீன் மொழியில் முழங்கையைக் குறிக்கும் 'கூபிட்டம்' என்னும் சொல்லும் இவ்வாறே ஒரு நீட்டலளவையைக் குறித்தது. அச்சொல்லினின்றே இந்நோய்க்கு மேலைநாட்டார் பெயர் அமைத்தனர். 'கூபிட்டல் சுரங்கம்' என்பது முழங்கையில் உள்ள ஒரு குறுகிய வழியாகும். கனடா நாட்டு மருத்துவர்களாகிய ஃபைண்டல், ஸ்ட்ராட்போர்டு என்னும் இருவர் 1958-ஆம் ஆண்டில் அப்பெயரை வழங்கினர். நாம் அதனை முழங்கைச் சுரங்கம் எனலாம்.

அச்சுரங்கத்தின் வழியே செல்வது அல்னார் நரம்பு. அது கழுத்தில் தோன்றி, மேற்கையின் உட்புறமாக இறங்கி, முழங்கையின் உட்பக்கத்தில் புடைத்திருக்கும் எலும்பு முனைக்குப் பின்னே வளைந்து, முன்கை வழியாக உள்ளங்கையை அடைகிறது. முழங்கை ஏதேனும் ஒன்றில் இடித்துக்கொண்டால் மின்சாரம் பாய்ந்தாற்போல் 'சுரீர்' என்று சுண்டுவிரல் வரை ஓர் உணர்ச்சி ஓடுவதை நீங்கள் அறிவீர்கள். அஃது எலும்பின் வலியன்று. அந்நரம்பின் கூக்குரலே ஆகும். அவ்விடத்தில் தசையின் காப்பு இல்லை. மெல்லிய தோலின் அடியிலேயே நரம்பு கிடக்கிறது.

சுண்டுவிரலுக்கும், மோதிரவிரலில் சுண்டுவிரலை ஒட்டிய பாதிக்கும் உணர்ச்சி தருவது இந்நரம்பே. ஆதலின் இது நசுங்கும்போது பலருக்கு மோதிரவிரலின் ஒரு பாதி மரத்திருக்க, மறுபாதி நன்றாக இருக்கும். ஒரே விரலுக்குள் இத்தகைய எல்லைக்கோடு இருப்பது வியப்பன்றோ? அக்கோடே மருத்துவர்க்கு ஒரு வழிகாட்டி. விரல்களை விரிக்கவும் சேர்க்கவும் செய்யும் உள்ளங்கைச் சிறு தசைகளுள் பெரும்பாலானவற்றை இயக்குவதும் இந்நரம்புதான்.

இந்நரம்பு எவ்வாறு நசுங்குகிறது? யாழின் தந்தியையும் தமிழர் நரம்பு என்றே வழங்கினர். இழுத்துக் கட்டிய தந்தி போன்று, முழங்கையை மடக்கும்போது இந்நரம்பும் எலும்பு முனையைச் சுற்றி இழுபடுகிறது. அதே நேரத்தில் சுரங்கத்தின் வழியும் குறுகி, உள்ளே அழுத்தம் பன்மடங்கு உயர்கிறது. அழுத்தம் நீடித்தால் நரம்புக்குச் செல்லும் நுண்ணிய குருதிக் குழாய்களில் ஓட்டம் குறைகிறது. கை மடங்கியிருப்பது சிறிது நேரமாயின் தீங்கில்லை. நாள்தோறும் நெடுநேரம் மடங்கியிருந்தாலோ நரம்பு நலிவடைகிறது.

மரமேறுபவர் மரத்தைத் தழுவி, மடங்கிய கைகளால் உடலின் பளுவைத் தாங்குகிறார். உச்சியில் ஒரு கையால் மட்டையைப் பற்றியபடி மறு கையால் அரிவாளை வீசுகிறார். மலைப்பாறைகளில் ஏறிப் பயில்வோரும் இவ்வாறே மடங்கிய கையால் உடலை இழுக்கின்றனர். கணினியில் எழுதுவோர்க்குப் பளு இல்லை; ஆயினும் மடக்கம் உண்டு, மேசை விளிம்பின் அழுத்தமும் உண்டு. கைப்பேசியைக் காதில் வைத்து நெடுநேரம் பேசுவோர்க்கும், முழங்கையை ஊன்றிக் கன்னத்தில் கைவைத்துப் படிக்கும் மாணவர்க்கும் இஃது ஒக்கும். தொழில் வேறாயினும் முழங்கை ஒன்றே.

இந்நோய் வளரும் முறையை அறிதல் வேண்டும். முதலில் விரல் மரத்தல் வந்து வந்து போகும். பெரும்பாலும் இரவில் கையை மடக்கி உறங்கும்போது தோன்றும். பின்னர் அது நிலைத்துவிடும். அதன்பின் பிடியின் வலிமை குறையும். பொத்தான் மாட்டுவதும் சாவி திருப்புவதும் அரியனவாகும். இறுதியில் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே உள்ள தசை வற்றிக் குழி விழும்.

வலிமைக் குறைவைக் காண எளிய சோதனை ஒன்றுண்டு. ழூல் ஃப்ரோமான் என்னும் பிரெஞ்சு மருத்துவர் அதனை 1915-ஆம் ஆண்டில் விளக்கினார். பெருவிரலுக்கும் சுட்டுவிரலின் பக்கத்துக்கும் இடையே ஒரு தாளைப் பிடிக்கச் செய்து, மருத்துவர் அதனை இழுப்பார். தசை நலிந்தவர் தாளை விடாதிருக்கப் பெருவிரலின் நுனிக் கணுவை மடக்குவார். எங்கள் இருவர்க்கும் இச்சோதனை நடந்தது. என் விரல் நேராக நின்றது. மரமேறும் நண்பரின் பெருவிரல் மடங்கிற்று. அவர் முகத்தில் நகைப்பு மறைந்தது. ஒரு தாளைப் பற்ற மாட்டாத கை, அத்துணை உயரத்தில் ஒருவர் உயிரை எங்ஙனம் பற்றும்?

விரல் மரத்தல் எல்லாம் முழங்கையினின்றே வருவதன்று. பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் ஆகியவை மரத்தால் மணிக்கட்டில் வேறொரு நரம்பு நசுங்கியிருக்கலாம். கழுத்தெலும்புத் தேய்வும் நீரிழிவும் காரணமாகலாம். நம் நாட்டில் மற்றொன்றையும் மறத்தலாகாது. தொழுநோய் இந்நரம்பையே முழங்கையருகில் தடிக்கச் செய்யும். தோலில் உணர்ச்சியற்ற வெளிறிய திட்டுகள் இருக்கின்றனவா என்று மருத்துவர் பார்ப்பது அதனாலேயே ஆகும். தொழுநோய் இக்காலத்தில் மருந்தால் முற்றும் தீரும். அம்மருந்து அரசு நலவாழ்வு நிலையங்களில் விலையின்றிக் கிடைக்கிறது. கொல்லிமலையில் 1914-ஆம் ஆண்டில் பிறந்த பால் பிராண்டு என்னும் ஆங்கிலேய அறுவை மருத்துவர், 1946-ஆம் ஆண்டில் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயால் நரம்பு கெட்டு விரல்கள் வளைந்துபோனோர் பலர்க்குத் தசைநாண்களை இடம் மாற்றி அமைத்து, அவர்தம் கைகளை மீண்டும் தொழிலுக்கு உரியனவாக்கினார். வலியும் உணர்ச்சியும் உடலின் காவலர் என்பது அவர் தம் பணியிற் கண்ட பேருண்மையாகும்.

நோயையும் அதன் காரணத்தையும் முதலில் ஆராய வேண்டும் என்பது வள்ளுவர் காட்டிய நெறி. ஆதலின் மருத்துவர் எங்கள் நரம்பில் மின்னோட்டம் செல்லும் விரைவை ஒரு கருவியால் அளந்தார். இருவர்க்கும் முழங்கையருகில் விரைவு குறைந்திருந்தது, காரணம் உறுதியாயிற்று.

பின்னர் அவர் கூறிய அறிவுரைகள் எளியன. இரவில் ஒரு துண்டை முழங்கையைச் சுற்றித் தளர்வாகக் கட்டி, கை முற்றிலும் மடங்காதவாறு உறங்குதல் வேண்டும். பகலில் முழங்கையை எதன்மேலும் ஊன்றுதல் கூடாது. கணினியில் எழுதுவோர் நாற்காலியை உயர்த்தி, விசைப்பலகையை அருகில் வைத்து, முழங்கை செங்கோணத்தினும் சற்று விரிந்திருக்குமாறு அமர்தல் நன்று. அரை மணிக்கு ஒருமுறையேனும் எழுந்து கைகளை நீட்ட வேண்டும். நரம்பை மெல்ல நெகிழச் செய்யும் பயிற்சிகளை இயன்முறை மருத்துவரிடம் நேரிற் கற்றல் வேண்டும். விரல் மரக்கத் தொடங்கினால் அப்பயிற்சியை நிறுத்திவிட வேண்டும். இவற்றால் தீராவிடின், அல்லது தசை வற்றத் தொடங்கின், அறுவை மருத்துவம் வேண்டப்படும். சுரங்கத்தின் மேற்கூரையைப் பிளந்து நரம்பை விடுவிப்பது ஒரு முறை. நரம்பை எலும்பு முனைக்கு முன்புறமாக மாற்றி வைப்பது மற்றொரு முறை. இதனைக் கர்ட்டிசு என்னும் அமெரிக்க மருத்துவர் 1898-ஆம் ஆண்டிலேயே செய்தார்.

"மரமேறுவதைச் சில வாரம் நிறுத்துக" என்று மருத்துவர் கூறியபோது, "ஏறாத நாளில் கூலி இல்லையே, ஐயா" என்றார் நண்பர். அச்சொல்லின் நியாயத்தை யார் மறுக்க முடியும்? மேசையில் எழுதும் எனக்கு ஓய்வு என்பது ஒரு சொல். அவர்க்கோ அஃது அடுப்பங்கரைக் கணக்கு. தோப்புக்கார் ஒருவர், காய்களை எண்ணி வண்டியேற்றும் பணியை ஆறு வாரத்திற்கு அவர்க்கு அளித்தார். கூலி குறைவே, ஆயினும் கை ஓய்வு பெற்றது.

பின்னர் அவர் மரமேறும் கருவியின் துணையை நாடினார். கேரளத்துச் செம்பேரி ஜோசப் உருவாக்கிய இரும்புக் கருவி போன்றவை இன்று பரவலாக வழங்குகின்றன. தென்னை வளர்ச்சி வாரியமும் 2011-ஆம் ஆண்டு முதல், 'தென்னை மரத்தின் நண்பர்கள்' என்னும் திட்டத்தின்கீழ்க் கருவி கொண்டு ஏறும் பயிற்சியை இளைஞர்க்கு அளித்தது. கருவியில் ஏறுவோர் மரத்தை மார்போடு தழுவ வேண்டுவதில்லை. இடையிடையே கால்களை ஊன்றி நின்று, ஒவ்வொரு கையாக நீட்டி ஓய்வு தரலாம்.

நலிந்த நரம்பு தழைப்பது மெல்லவே. அறுந்த நரம்பிழை வளர்வது நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் என்பர். முழங்கைக்கும் விரலுக்கும் இடையே உள்ள தொலைவோ ஒரு முழம். எனக்கு மூன்று திங்களில் நலமாயிற்று. நண்பர்க்கு ஓராண்டு சென்றது. பிடி மீண்டது, சுண்டுவிரலின் நுனியில் மட்டும் சிறிது மரமரப்பு இன்றும் எஞ்சியுள்ளது. "ஓராண்டு முன்னரே வந்திருந்தால் இதுவும் எஞ்சியிராது" என்று மருத்துவர் கூறினார்.

மாணவர்களே! தூது வந்தவரை வாயிலில் நிறுத்தி, செய்தி கேளாமல் திருப்பி அனுப்பும் அரசனைப் பேதை என்போம். நம் உடலின் எல்லையினின்று ஐந்து விரல்களுள் சிறியது ஒரு செய்தி கொண்டு வருகிறது. பொறுத்துக்கொள்ளுதல் வீரம் என்று எண்ணி அதனைப் புறக்கணித்தல் தகாது. உடனே கேட்டுக் கையின் நிலையை மாற்றுவோர்க்கு ஒரு துண்டும் சிறிது ஓய்வுமே மருந்தாகலாம். கேளாதார்க்குக் கத்தியும் காலமும் வேண்டப்படும். இவ்வரியைப் படிக்கும் இப்பொழுது உங்கள் முழங்கை மேசைமேல் ஊன்றியிருக்கிறதா? இருப்பின், அதனை எடுத்துவிட்டு மேலே படியுங்கள்.