பிடித்தது ஓரிடம், தளர்ந்தது வேறிடம்

ஜனக்புரி மேற்கு மெட்ரோ நிலையத்தில் மாலை ஆறரை மணிக்குமேல் வெளியேறும் கூட்டத்தைப் பக்கவாட்டில் நின்று பார்ப்பவர்களுக்கு ஒரு விஷயம் புலப்படும். ஆள் வருவதற்கு முன்பே அவர் தலை வந்துவிடுகிறது. தோள்கள் முன்பக்கம் உருண்டு, முதுகின் மேற்பகுதி லேசாகக் கூன் போட்டு, முகவாய்க்கட்டை நீண்டு, ஒரு தோளில் மட்டும் பை தொங்க நடந்து வருகிறார்கள். காலை ஒன்பது மணி முதல் கணிப்பொறியையும் கோப்பையும் பார்த்த கழுத்து, திரும்பும் வழியிலும் கைபேசியைப் பார்த்துக் குனிந்தே வருகிறது. 2018ஆம் ஆண்டில் மெஜந்தா வழித்தடம் இங்கே திறக்கப்பட்டபோது, 15 மீட்டருக்கு மேல் உயரமுள்ள நகரும் படிக்கட்டு நாட்டிலேயே மிக உயரமானது என்று பெருமையாகப் பேசப்பட்டது. நாள் முழுதும் நாற்காலியில் கிடந்த இடுப்புக்கு ஏறி இறங்கக் கிடைத்த வாய்ப்பும் அதோடு போயிற்றே என்று யாரும் குறைப்பட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை!

இந்தக் கழுத்துக்குத் தமிழ்க் குடும்பங்களில் வைத்தியம் உண்டு. "பிடித்துக்கொண்டது" என்பார்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் "வாயு" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். அமிர்தாஞ்சன், வெந்நீர் ஒத்தடம், சனிக்கிழமை எண்ணெய்க் குளியல், சுளுக்கு வழிக்கத் தெரிந்த அண்டை வீட்டுப் பாட்டி. இவற்றால் ஆறுதல் கிடைப்பது மெய். ஆனால் புதன்கிழமைக்குள் அதே இடத்தில் அதே பிடிப்பு திரும்பிவிடுகிறது. வைத்தியத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. வலிக்கிற தசைக்குத்தான் எல்லா உபசாரமும் நடக்கிறது. அதற்கு எதிர்ப்பக்கத்தில் வேலையை மறந்து தூங்கும் தசையை யாரும் எழுப்புவதில்லை.

தசைக்கு இழுக்க மட்டுமே தெரியும், தள்ளத் தெரியாது. ஆகவே உடம்பில் ஒவ்வொரு மூட்டுக்கும் எதிரெதிராக இழுக்கும் தசைகள் அமைந்திருக்கின்றன. கோயில் திருவிழாவில் நடும் கொடிக்கம்பத்தை நாலு பக்கமும் கயிறு கட்டி நிறுத்துவது போலத்தான். ஒரு கயிறு நெகிழ்ந்தால் எதிர்க்கயிறு தானாகவே கம்பத்தைத் தன் பக்கம் சாய்த்துக்கொள்ளும். இன்னொரு சங்கதியும் உண்டு. ஒரு தசை சுருங்கும்போது அதன் எதிர்த்தசையைத் தளரும்படி நரம்பு மண்டலமே உத்தரவிடுகிறது. இல்லாவிட்டால் கையை மடக்கவே முடியாது. இதை விரிவாக ஆராய்ந்து விளக்கியவர் ஆங்கிலேய விஞ்ஞானி சார்லஸ் ஷெரிங்டன். நரம்பணுக்கள் பற்றிய ஆராய்ச்சிக்காக 1932இல் நோபல் பரிசில் பங்கு பெற்றவர்.

வேலூரில் கண்ட கைகள்

இந்த இழுபறி தவறினால் என்ன ஆகும் என்பதைக் கண்கூடாகக் காட்டிய இடம் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. 1914இல் கொல்லிமலையில் பாதிரித் தம்பதியின் மகனாகப் பிறந்த பால் பிராண்ட், லண்டனில் அறுவை வைத்தியம் படித்துவிட்டு 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். அக்காலத்தில் தொழுநோயாளிகளின் விரல்கள் மடங்கிப் பறவை நகம் போல ஆகிவிட்டால், "நோய் விரலைத் தின்றுவிட்டது, இனி ஒன்றும் செய்வதற்கில்லை" என்று கைவிட்டுவிடுவார்கள். செங்கற்பட்டு தொழுநோய் மருத்துவமனையைப் பார்க்கப் போன பிராண்ட், அப்படி மடங்கிய கையுடைய ஒரு நோயாளியிடம் தம் கையைக் கொடுத்து இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். வலுவற்ற பிடியை எதிர்பார்த்தவருக்கு வலி தாங்கவில்லை. அவ்வளவு பலம்!

அந்தப் பிடியில்தான் விடை இருந்தது. விரலை மடக்கும் பெரிய தசைகள் முன்கையில் இருக்கின்றன. அவற்றுக்கு ஒரு குறையும் வரவில்லை. நோய் தாக்கியது முழங்கையருகே தோலை ஒட்டி ஓடும் நரம்பை. அதனால் செயலிழந்தவை உள்ளங்கைக்குள் இருக்கும் சிறு தசைகள். விரலின் அடிக்கணுவை மடக்கி நுனியை நீட்டிவைப்பது அவற்றின் வேலை. அவை ஓய்ந்ததும் பெரிய தசைகளைத் தடுப்பார் இல்லை. அடிக்கணு பின்னுக்குச் சாய, மற்ற இரு கணுக்களும் உள்ளே சுருண்டுகொண்டன. பலவீனத்தால் மட்டும் கெட்ட கை அல்ல அது; எதிர்ப்பில்லாத பலத்தாலும் கெட்ட கை.

பிராண்ட் என்ன செய்தார்? முன்கையில் நன்றாக வேலை செய்யும் தசை ஒன்றின் நாணை எடுத்து, ஓய்ந்துபோன சிறு தசையின் வேலையைச் செய்யும்படி விரலில் இணைத்துத் தைத்தார். அறுவையோடு காரியம் முடியவில்லை. மாவுக்கட்டுப் பிரித்த பிறகு, இடம் மாறிய தசைக்கு அதன் புது உத்தியோகத்தைப் பயிற்சியால் வாரக்கணக்கில் கற்பிக்க வேண்டியிருந்தது. பிச்சைப் பாத்திரம் மட்டுமே ஏந்திய கைகள் தச்சு வேலை கற்றன. அவர்களுக்கென்று வேலூரில் "நவ ஜீவ நிலையம்" என்ற குடியிருப்பும் தொழிற்கூடமும் அமைந்தன. உலகெங்கும் தொழுநோய்க் கை, கால் சீரமைப்புக்கு வேலூர் வழிகாட்டியது இப்படித்தான். பிராண்ட் 2003இல் காலமானார்.

நரம்பு செத்துப்போன கைக்கும் மேஜையடியில் குனிந்த கழுத்துக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது என்று சொல்லலாம். அளவில் வேறுபாடு மிகப் பெரிதுதான். குமாஸ்தாவின் தசைக்கு நரம்பு முழுசாக இருக்கிறது. ஆனால் எதிர்த்தசை தளர்ந்தால் இழுக்கும் தசை மூட்டைத் தன் பக்கம் கொண்டுபோகும் என்ற கணக்கு இரண்டிலும் ஒன்றே. இதை நாற்காலிக்காரர்களுக்குப் பொருத்திக் காட்டியவர் செக் நாட்டு நரம்பியல் மருத்துவர் விளாதிமிர் யாண்டா (1928-2002). பதினைந்தாம் வயதில் போலியோ கண்டு நடக்க முடியாமற்போனவர். பின்னர் நடக்கத் தேறினாலும் நோயின் சுவடு கடைசிவரை உடனிருந்தது. தசைகளின் ஏற்றத்தாழ்வை அவர் புத்தகத்தில் மட்டும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை.

குறுக்கே ஓடும் இரு கோடுகள்

யாண்டா வரைந்த படம் எளிமையானது. மனிதனைப் பக்கவாட்டில் நிறுத்தி, கழுத்திலும் தோளிலும் பெருக்கல் குறி போல இரு கோடுகள். ஒரு கோட்டின் முனைகளில் இறுகும் தசைகள்: பிடரியிலிருந்து தோள்வரை இறங்குபவையும், மார்பின் முன்புறத்தவையும். மற்றக் கோட்டின் முனைகளில் தளரும் தசைகள்: தொண்டைக்குப் பின்னே ஆழத்தில் தலையைத் தாங்கும் சிறு தசைகளும், தோள்பட்டை எலும்பைக் கீழும் பின்னும் இழுத்துப் பிடிப்பவையும். வலி தெரிவது பெரும்பாலும் பிடரியில். ஏனெனில் அதுதான் மற்றவர் சுமையையும் சேர்த்துத் தூக்குகிறது. அலுவலகத்தில் நான்கு பேர் விடுப்பில் போனால் ஐந்தாமவருக்குத்தானே தலைவலி!

அந்தச் சுமை கொஞ்சநஞ்சமல்ல. வளர்ந்தவரின் தலை சுமார் 5 கிலோ. நியூயார்க் முதுகெலும்பு அறுவை நிபுணர் கென்னத் ஹன்ஸ்ராஜ் 2014இல் வெளியிட்ட கணக்குப்படி, தலை 15 டிகிரி குனிந்தால் கழுத்தின்மேல் விழும் பாரம் 12 கிலோ. 60 டிகிரி குனிந்தால் 27 கிலோ.

இடுப்பிலும் இதே போன்ற பெருக்கல் குறி உண்டு. மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பவருக்கு தொடைச்சந்தின் முன்தசை குறுகிய நிலையிலேயே பழகிவிடுகிறது. அவர் எழுந்து நிற்கும்போது அது நீள மறுத்து இடுப்பெலும்பை முன்னே சாய்க்கிறது. கீழ்முதுகு உள்வளைந்து இறுகுகிறது, வயிறு தள்ளிக்கொள்கிறது. உடம்பிலேயே பருமனான புட்டத்தசை மெத்தையாக மட்டும் பயன்பட்டு மெலிகிறது. இப்படிப்பட்டவர் படியேறும்போது புட்டம் செய்யவேண்டிய வேலையை முதுகு செய்கிறது. டி.டி.ஏ. கட்டிய பழைய அடுக்குவீடுகளில் மின்தூக்கி இல்லாத மூன்றாம் மாடிக்கு காய்கறிப் பையோடு ஏறுகிறவர் எந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார் என்று பார்த்தாலே போதும்.

இங்கே ஒரு எச்சரிக்கை அவசியம். கூன் கண்ட கழுத்துக்கெல்லாம் வலி வருவதில்லை. நிமிர்ந்து நடப்பவர் பலருக்கு வலி உண்டு. நிற்கும் கோலத்துக்கும் வலிக்கும் உள்ள தொடர்பு, ஒருகாலத்தில் நினைத்த அளவு நேரடியானதல்ல என்றே பிற்கால ஆராய்ச்சிகள் சொல்கின்றன. தூக்கக்குறைவும் கவலையும் சேர்ந்தே வலியைக் கூட்டுகின்றன. ஆகவே விளம்பரத்தைப் பார்த்துத் தோளை இழுத்துக் கட்டும் வார்ப்பட்டையை வாங்கி மாட்டிக்கொள்வதில் பெரிய லாபம் இல்லை. தோளைப் பின்னிழுக்கும் வேலையைப் பட்டை செய்தால் தசைக்கு இன்னும் விடுமுறைதான். எந்தக் கோலத்திலும் நெடுநேரம் அசையாமல் இருப்பதே தசைக்குப் பகை. அரை மணிக்கொருமுறை எழுந்து தண்ணீர்க் குடம்வரை போய்வருபவர், விலையுயர்ந்த நாற்காலியில் மூன்று மணி நேரம் அசையாதவரைவிடப் புத்திசாலி.

உட்கார முடியாதவர்கள்

குமாஸ்தாவின் தொல்லை உட்கார்ந்து வருவது. அதே ஜனக்புரியில் காலை ஆறு மணிக்கு ஐந்தாறு வீடுகளுக்குப் பாத்திரம் தேய்க்கவும் ஜாடு போச்சாவுக்கும் கிளம்பும் பெண்களுக்கு நாற்காலி வாய்ப்பதே அபூர்வம். குத்துக்காலிட்டு நகர்ந்து தரை துடைக்கும் இவர்களுக்கு இடுப்பும் கணுக்காலும் நன்றாக மடங்கும். அதில் அதிகாரிகளும் இவர்களிடம் பாடம் கேட்கவேண்டும். ஆனால் முதுகு வளைந்தே இருக்க, கை முன்னே நீண்டே இருக்க, முதுகை நீட்டும் தசைகள் ஓயாமல் இழுபட்டு அலுத்துப்போகின்றன. இவர்களுக்கு நீட்டிப் பழகுவதைவிட நிமிர்ந்து ஓய்வதும், தோளுக்கும் முதுகுக்கும் பலம் சேர்ப்பதுமே தேவை. "ரெண்டு வாரம் ரெஸ்ட் எடும்மா" என்று சொல்வது சுலபம். நாலு நாள் போகாவிட்டால் வீட்டுக்காரர் வேறு ஆளைப் பார்த்துவிடுவார்.

கடைச் சிப்பந்திகள் கதையும் கால்வலிக் கதைதான். 2018இல் கேரளமும், 2021இல் தமிழ்நாடும் கடைகள், நிறுவனங்கள் பற்றிய சட்டங்களைத் திருத்தி, ஊழியர்களுக்கு இருக்கை வசதி தரவேண்டும் என்று விதித்தன. ஜவுளிக்கடைப் பெண்கள் பன்னிரண்டு மணி நேரம் நின்ற பிறகுதான் ஒரு முக்காலிக்குச் சட்டம் பிறந்தது. வீட்டு வேலை செய்பவர்களை அந்தத் திருத்தமும் எட்டவில்லை.

பரீட்சை வீட்டிலேயே

தன் உடம்பில் எது இறுகியது என்று அறியச் செலவு ஒன்றும் இல்லை. கட்டிலின் விளிம்பில் புட்டம் இருக்கும்படி மல்லாந்து படுத்து, ஒரு முழங்காலை மார்போடு கட்டிக்கொள்ள வேண்டும். தொங்கும் மறுகாலின் தொடை கட்டில் மட்டத்துக்கு இறங்காமல் மேலே நின்றால், தொடைச்சந்து இறுகியிருக்கிறது. சுவரில் முதுகைச் சாய்த்து நின்று, முகவாயைத் தூக்காமல் பின்தலை சுவரில் படுகிறதா என்று பார்ப்பது கழுத்துக்கு. ஊரில் குதிகால் ஊன்றி மணிக்கணக்கில் குத்துக்காலிட்டவர், பத்து வருஷ தில்லி வாசத்துக்குப் பிறகு உட்கார்ந்ததும் குதிகால் எழும்பிப் பின்னே சாய்ந்தால் கெண்டைக்கால் குறுகிவிட்டது என்று பொருள்.

பரிகாரத்தில் பாதி நீட்டல், பாதி பலப்படுத்தல். ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றி மறுகாலை முன்வைத்து, இடுப்பை மெல்ல முன் தள்ளினால் தொடைச்சந்து நீளும். 30 விநாடி, இரண்டு மூன்று தடவை. வாசற்படியின் இரு சட்டங்களிலும் முன்கையை வைத்து ஓரடி முன்னே எடுத்தால் மார்பு விரியும். இதோடு நிறுத்துகிறவர்களே அதிகம்; புதன்கிழமைப் பிடிப்பு திரும்பி வருவதும் இங்கேதான். மல்லாந்து படுத்து முழங்கால் மடக்கிப் புட்டத்தைத் தூக்கி நிறுத்துவது, தலையணை இல்லாமல் படுத்து "ஆமாம்" என்பதுபோல முகவாயை மட்டும் உள்ளிழுத்துப் பத்து எண்ணுவது, இவை இரண்டும் தூங்கும் தசையை எழுப்பும். முதல் சில வாரங்களில் கிடைக்கும் பலம், தசை பருத்ததால் அல்ல. நரம்பு அதைக் கூப்பிடக் கற்றதால். ஆறு, எட்டு வாரம் விடாமல் செய்தால்தான் வித்தியாசம் தெரியும்.

பிள்ளையார் முன் போடும் தோப்புக்கரணமும் நல்ல பயிற்சியே. புத்தி கூர்மையாகும் என்று சொல்வதற்கு ஆதாரம் போதாது. தொடை, புட்டம், கணுக்கால் மூன்றும் ஒரே மூச்சில் வேலை செய்கின்றன என்பது மட்டும் நிச்சயம். முழங்கால் தேய்ந்தவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து கை ஊன்றாமல் எழுந்தால் போதும். தில்லிக் குளிரில் ரஜாய்க்குள்ளிருந்து நேரே எழுந்து இவற்றைச் செய்யக்கூடாது. பத்து நிமிஷம் நடந்து உடம்பு சூடேறட்டும்.

கையோ காலோ மரத்துப்போவது, வலுக்குறைந்து பொருள் நழுவுவது, சிறுநீர் அடக்க முடியாமை, காய்ச்சலோடு முதுகுவலி, காரணமின்றி எடை குறைவது ஆகியவை பயிற்சியால் பார்த்துக்கொள்ளும் சங்கதிகள் அல்ல. நெஞ்சு வலியோடு தோளும் கையும் வலித்து வியர்த்தால் ஒரு நிமிஷமும் தாமதிக்கலாகாது. மற்றவர்களுக்கு, அருகே ஹரி நகரில் தீனதயாள் உபாத்யாயா மருத்துவமனை இருக்கிறது. அதே பெயர் தாங்கிய, உடல் ஊனமுற்றோருக்கான தேசிய நிறுவனம் ஐ.டி.ஓ. அருகே விஷ்ணு திகம்பர் மார்க்கில் இருக்கிறது; பிசியோதெரபிஸ்டுகளைப் பயிற்றுவிக்கும் இடமும் அதுவே. ஹிந்தி சரளமாக வராதவர்கள் எதற்கும் "தர்த்" என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடுகிறார்கள். டாக்டரும் வலி மாத்திரை எழுதிவிடுகிறார். பிடிப்புக்கு "ஜகடன்", பலவீனத்துக்கு "கம்ஜோரி", மரத்துப்போனதற்கு "சுன்". இந்த மூன்று வார்த்தைகளையும் பிரித்துச் சொல்லி, எந்தத் தசை தளர்ந்திருக்கிறது, அதற்கு என்ன பயிற்சி என்று கேட்டுச் சீட்டிலேயே எழுதி வாங்கிக்கொள்ளலாம்.