பழைய காரும் பந்தயப் பாதையும்

கார் நிக்கோபாரில் வாழும் நம் குடும்பங்களுக்கு ஊர்ப் பெயரிலேயே கார் உண்டு. பந்தயப் பாதைதான் இல்லை. ஆயினும் ஓர் ஒற்றுமை காண்கின்றோம். இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானியர் நிக்கோபார் மக்களைக் கட்டாய வேலை வாங்கி இத்தீவில் விமான ஓடுதளம் அமைத்தனர். அதே போர்க்காலத்துச் சோழவரம் ஓடுதளம், பின்னாளில் சென்னையின் மோட்டார் பந்தயக் களமாயிற்று. 1953-இல் தோன்றிய மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பந்தயங்களை நடத்தியது. 1990 முதல் இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பாதையே இருக்கின்றது.

பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கி அப்பாதையில் ஓட்டிப் பார்க்கும் ஆசை நம் இளைஞர்க்கும் எழலாம். அதனைக் குறை கூறோம். ஆனால், பலரும் முதலில் கை வைப்பது எஞ்சினில். முதலில் கவனிக்க வேண்டியதோ பிரேக்.

காரணம் யாது? வேகம் இரு மடங்கானால், வண்டியை நிறுத்துகையில் பிரேக்கில் பிறக்கும் வெப்பம் நான்கு மடங்காகும். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. புதிய டாட் 4 ஆயில் 230 பாகை செல்சியஸ் வரை கொதியாது. ஈரம் ஏறியபின் 155 பாகை அளவிலேயே கொதிக்கக் கூடும். கொதித்தால் குழாயில் ஆவி சேரும். ஆவி அமுங்கும் தன்மையது. ஆதலின் மிதி தரையைத் தொடும், வண்டியோ நில்லாது. ஆகவே பழைய ஆயிலை முழுதும் நீக்கிப் புதியது ஊற்றுக. வெடித்த ரப்பர் குழாய்களையும் மாற்றுக.

அடுத்தது டயர். பட்டன் தேயவில்லை என்று மயங்கலாகாது. வயதானால் ரப்பர் இறுகிப் பிடிப்பை இழக்கும். பக்கவாட்டில் 2319 என்றிருந்தால், 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்யப்பட்டது என்பது பொருள். பின்னர், இருக்கைப் பெல்ட் பூட்டிய இடத்துத் தகடு துருவேறியுள்ளதா என நோக்குக. வளைவுகளில் எஞ்சின் ஆயில் ஒருபுறம் ஒதுங்கும். அதன் அளவு குறைந்திருத்தல் கூடாது. இவையெல்லாம் முடிந்த பின்னரே எஞ்சினின் வலுவைக் கூட்ட எண்ணலாம்.

ரயில்வேயிலும் பிரேக் சோதனை முடியாமல் வண்டி புறப்படுவதில்லை. பந்தயத்தை நாடாத இல்லத்தாரும் இதனைக் கொள்ளலாம். ஈரமும் உப்புக்காற்றும் மிகுந்த இத்தீவில், பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் நம் வண்டிகளுக்கும் இரண்டாண்டுக்கு ஒருமுறையேனும் பிரேக் ஆயிலை மாற்றுதல் நலம்.