செயலி சொன்ன பெயரை நம்பலாமா?

அக்டோபர் மாதச் சனிக்கிழமை ஒன்றில் வருவது அக்டோபர் பறவை நாள். பறவைப் பட்டியல்களை ஏற்றும் இ-பேர்ட் தளத்தின் கணக்கில் அந்த நாள் நள்ளிரவு 12 மணிக்கே தொடங்கிவிடுகிறது. அதனால்தானோ என்னவோ, வாசகர் கடிதங்களில் இப்போது இரவுச் சத்தம்தான் அதிகம். சென்னையில் அம்பத்தூரை ஒட்டிய மேனாம்பேடு, கருக்கு, கொரட்டூர் மொட்டை மாடிகளிலிருந்து கைப்பேசிப் பதிவுகள் வருகின்றன, கூடவே செயலி சொன்ன பறவைப் பெயரும். இதை வலசைப் பறவை என்று பட்டியலில் ஏற்றலாமா என்பதே கேள்வி.

பெரும்பாலும் கூடாது. ஏரிக்கு ஏரி இரவில் போய்வரும் வக்காவும், சீழ்க்கையடித்தபடியே பறக்கும் சீழ்க்கைச் சிறகியும், காலி மனையில் நாயைக் கண்டதும் கத்தும் ஆள்காட்டியும் உள்ளூர்வாசிகள். வலசைக் குரல் அவ்வளவு தாராளமாகக் கேட்காது. பறந்துகொண்டே விடும் ஒற்றைக் கீச்சு, பல சிறு பறவைகளில் நொடியில் பத்தில் ஒரு பங்குகூட நீளாது.

ஆர்க்டிக் கடலிலிருந்து இந்தியப் பெருங்கடல் வரை 30 நாடுகளைத் தொடும் மத்திய ஆசிய வலசைப் பாதையில் நாம் இருக்கிறோம் என்று அரசு பெருமையாகச் சொல்கிறது. சரிதான். ஆனால் அந்தப் பாதை முதலில் நீர்ப்பறவைகளை மனதில் வைத்து வகுக்கப்பட்டது. வனத்துறை ஆண்டுதோறும் வெளியிடும் நீர்ப்பறவைக் கணக்கும் பகல் வெளிச்சத்தில் எண்ணியது. ராத்திரி 2 மணிக்கு அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கு மேலே எது போனது என்பதற்கு அந்த எண்களில் பதில் கிடையாது.

பதில் சொல்வதாக வருபவைதான் செயலிகள். கார்னெல் பறவையியல் ஆய்வகத்தின் மெர்லினும் பேர்ட்நெட்டும் ஒலியைக் காதால் கேட்பதில்லை. அதைப் படமாக மாற்றுகின்றன: கிடைக்கோட்டில் நேரம், செங்குத்தில் கிலோஹெர்ட்ஸ். பேர்ட்நெட் அந்தப் படத்தை மூன்று மூன்று நொடித் துண்டுகளாக வெட்டி, பழகிய படங்களோடு ஒப்பிடுகிறது. துண்டில் கீச்சின் பங்கு முப்பதில் ஒன்று. மிச்சமெல்லாம் சில்வண்டு, தவளை, மோட்டார், அரக்கோணம் ரயில். ஒப்பிடக் கிடைக்கும் இரவுக் குரல் பதிவுகளோ பெரும்பாலும் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் எடுத்தவை.

இதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். என்னை உறுத்துவது அடுத்த படி. செயலி உங்கள் இடத்தையும் தேதியையும் பார்த்து, அங்கே அந்த வாரத்தில் இருக்க வாய்ப்பில்லாத பறவைகளை முன்கூட்டியே கழித்துவிடுகிறது. கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு, இல்லாவிட்டால் சென்னையில் பென்குயின் கேட்டதாகச் சொல்லும். ஆனால் வாய்ப்பு உண்டா இல்லையா என்பதை அது எடுப்பது, மனிதர்கள் இ-பேர்ட்டில் ஏற்றிய பட்டியல்களிலிருந்து. அந்தப் பட்டியல்களில் பெரும்பாலானவை காலை நடையில் கண்ணால் பார்த்து எழுதியவை. இங்கே இறங்காமல் இருட்டில் கடந்துபோகும் பறவைக்கு அதில் இடமே இல்லை. எனவே அதன் குரலைக் கேட்டாலும் செயலி ஒன்று சும்மா இருக்கும், அல்லது பட்டியலில் உள்ள வேறொரு பறவையின் பெயரைச் சொல்லும்.

நீங்கள் அந்தப் பெயரை ஏற்றுகிறீர்கள். அரிதான பெயராக இருந்தால் இ-பேர்ட் உடனே கேள்வி கேட்கும், மதிப்பாய்வாளர் ஆதாரம் கேட்பார். சாதாரணப் பெயராக இருந்தால்? யாரும் கேட்கமாட்டார்கள். அக்டோபரில் அம்பத்தூரில் வாலாட்டி என்றால் யாருக்குச் சந்தேகம் வரும்? ஆக, அரிய தவறு வாசலிலேயே பிடிபடுகிறது. சாதாரணத் தவறு உள்ளே போய்ப் பட்டியலில் இன்னொரு வரியாகிறது. இரவு வானத்தைப் பற்றிப் புதிதாக எதையாவது சொல்லவேண்டிய கருவி, பகலில் நமக்குத் தெரிந்ததையே திருப்பிச் சொல்லிவிட்டுப் போகிறது.

பேர்ட்நெட் தரும் 0.85 போன்ற மதிப்பெண்ணை 85 விழுக்காடு உறுதி என்று படிக்காதீர்கள். அது நிகழ்தகவு அல்ல. ஒரே மதிப்பெண் ஒரு பறவைக்கு நம்பகமாகவும் இன்னொன்றுக்கு வெறும் ஊகமாகவும் இருக்கலாம் என்று கருவியை உருவாக்கியவர்களே சொல்கிறார்கள்.

அப்படியானால் காது போதாதா? போதும். 1896-ல் ஓரின் லிபி என்ற அமெரிக்கர் விஸ்கான்சினில் ஒரே இரவில் ஆயிரக்கணக்கான குரல்களைக் காதால் மட்டுமே எண்ணினார். ஆனால் ஆயிரம் குரல் என்றால் ஆயிரம் பறவை அல்ல. ஒரே பறவை பலமுறை குரல் கொடுக்கும்.

மற்ற கேள்விகளுக்குச் சுருக்கமாக:

மைக்கை எங்கே வைப்பது? மொட்டை மாடியில், ஆழமான பூந்தொட்டிக்குள், வாய் வானத்தைப் பார்க்க. தெருச் சத்தத்தைத் தொட்டியின் சுவர் கொஞ்சம் தடுக்கும். இரவுக் குரல் ஆய்வாளர் பில் எவன்ஸ் அமெரிக்காவில் பரப்பிய முறை இது.

மழை? தொட்டியின் வாயில் மெல்லிய பிளாஸ்டிக் தாள்.

எந்தக் கோப்பு வடிவம்? சுருக்காத வேவ் (WAV). வாட்ஸ்அப் குரல் பதிவாக அனுப்பாதீர்கள்.

எதை எதிர்பார்க்கலாம்? உள்ளான், பொறி உள்ளான், பச்சைக்காலி; இவற்றின் குரல் ஓரளவு தெளிவானது.

வீட்டுக்குள் ஆறுமணிக்குருவி வந்து விழுந்தது, ஏன்? அதுவும் இரவுப் பயணிதான். களைப்பும் விளக்கு வெளிச்சமும்.

பக்கத்து வீட்டுப் பேச்சும் பதிவாகிறதே? பொதுவில் ஏற்றும் முன் வெட்டிவிடுங்கள்.

பெயர் உறுதியில்லையே? 'உள்ளான் வகை' என்றோ வெறும் 'பறவை' என்றோ பதியலாம், இ-பேர்ட் இரண்டையும் ஏற்கும். ஒலிக் கோப்பை மட்டும் கூடவே இணைத்துவிடுங்கள்.