நூல் கொள்முதலுக்கும் கல்வி வேண்டும்

சங்கத்தின் இலாப நஷ்டம் துணி விற்குமிடத்தில் தீர்மானமாவதாகப் பலர் எண்ணுகின்றனர். பெரும்பகுதி நூல் வாங்கும்போதே முடிந்துவிடுகிறது.

நூலின் நம்பர் இன்றும் பழைய ராத்தல் கணக்குத்தான். 840 கெஜமுள்ள சிட்டங்கள் 40 சேர்ந்து ஒரு ராத்தல் நிறுத்தால் அது 40-ம் நம்பர். அவ்விலைக்கு 38-ம் நம்பரை வாங்கினால் ராத்தலுக்கு 1,680 கெஜம் குறையும். எடை பார்த்து நூல் கொடுத்து, அளவு பார்த்துச் சேலை கேட்கும்போது அக்குறை நெசவாளியின் தலையிலன்றோ விடிகிறது! ஈரமும் அப்படியே. உலர்ந்த பருத்தி நூல் 100 கிலோவுக்கு 8.5 கிலோ ஈரம் வாணிபத்தில் ஒப்புக்கொண்ட அளவு. மேற்பட்டது நூல் விலைக்கு வாங்கிய தண்ணீர்.

நம்பரைச் சோதிக்க 120 கெஜம் அளந்து சுற்றும் கருவியும் நுண்ணிய தராசும் போதும். கையாளத் தெரிந்தவர்தாம் அரியர். சேலத்தில் 1960-இல் தொடங்கப்பெற்ற இந்தியக் கைத்தறித் தொழில்நுட்பக் கழகத்தின் மூன்றாண்டுப் பட்டயப் படிப்பு இந்நூலறிவைத் தருகிறது. விலைப்புள்ளி, ஒப்பந்தம், இருப்புக் கணக்கு ஆகியவை வேறு கல்வி. அதற்கு இந்தியப் பொருள் மேலாண்மைக் கழகத்தின் பட்டயம் உண்டு. நெசவுக் குடும்பத்துப் பிள்ளை ஒருவரை முதலில் சேலத்திற்கு அனுப்பி, கொள்முதலில் அமர்த்தியபின் மற்றதைப் பணியிலிருந்தவாறே பயிலச் செய்வது நம் சங்கங்களுக்கு ஏற்றதாகும்.