கிராமத்தில் இயன்முறை சிகிச்சை

உழைத்துப் பிழைக்கும் குடும்பத்தில் ஒருவர் பக்கவாதத்தால் படுக்கையில் விழுந்துவிட்டால், அந்த நஷ்டம் அவர் ஒருவரோடு நிற்பதில்லை. அவருடைய கூலி நின்றுபோகிறது. அவரைக் கவனித்துக்கொள்ள வீட்டிலேயே இருக்க நேரும் மனைவியின் கூலியோ, மகளின் படிப்போ அதனுடன் சேர்ந்து நின்றுபோகிறது. மருத்துவமனை உயிரைக் காப்பாற்றிச் சில நாட்களில் நோயாளியை வீட்டிற்கு அனுப்பிவிடுகிறது. அதன் பிறகு அவர் எழுந்து நடமாடுவாரா, கட்டிலோடு கிடப்பாரா என்பது நோயின் கடுமையை மட்டும் பொறுத்ததன்று. வீட்டில் அவருக்கு நாள்தோறும் அளிக்கப்படும் பயிற்சியையும் பொறுத்ததாகும். இப்பயிற்சியை முறைப்படி கற்பிக்கும் மருத்துவத் துறையே இயன்முறை சிகிச்சை. பிசியோதெரபி என்ற பெயரிலும் மக்கள் இதனை அறிவர்.

இயன்முறை சிகிச்சை என்பது யாது?

உடலின் இயக்கத்தையே மருந்தாகக் கொள்வது இச்சிகிச்சை. தசைகளை வலுப்படுத்தும் பயிற்சி, மூட்டுகளை மடக்கி நீட்டும் பயிற்சி, நடைப்பயிற்சி, மூச்சுப் பயிற்சி ஆகியவை இதன் முக்கிய அங்கங்கள். வெப்பமும் குளிர்ச்சியும் மின்சாரக் கருவிகளும் தேவைக்கேற்பத் துணையாகப் பயன்படுகின்றன. ஆயினும், கருவி வைத்தால்தான் சிகிச்சை என்று எண்ணுதல் தவறு. பக்கவாதத்திலும் மூட்டு வலியிலும் பெரும்பயன் தருவது நோயாளி தாமே செய்யும் பயிற்சிதான்.

உடல் இயக்கத்தை இழந்தவர்களுக்கு மறுவாழ்வு அளிக்கும் பணிக்குத் தமிழ்நாட்டில் நீண்ட வரலாறு உண்டு. மருத்துவர் மேரி வர்கீஸ் 1954ஆம் ஆண்டில் நேர்ந்த சாலை விபத்தில் முதுகுத் தண்டு பாதிக்கப்பட்டு இரு கால்களின் இயக்கத்தையும் இழந்தார். அவர் மனம் தளரவில்லை. சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் மறுவாழ்வு மருத்துவத் துறை உருவாக முதற்காரணமாக விளங்கியவரும் அவரே. அங்கு 1966இல் மறுவாழ்வு நிலையம் ஒன்று திறக்கப்பட்டது. சென்னை கலைஞர் கருணாநிதி நகரில் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையம் இயங்கி வருகிறது. ஆனால் நோயாளிகள் நகரத்திற்குச் சென்று வருவதற்கு வண்டிச் செலவும் உடன் செல்ல ஓர் ஆளும் வேண்டும். இவ்விரண்டும் இல்லாத காரணத்தாலேயே கிராமத்து நோயாளிகள் பலர் பயிற்சியைப் பாதியில் நிறுத்திவிடுகின்றனர்.

வீடு தேடி வரும் சேவை

இக்குறையைப் போக்கும் நோக்குடன் தமிழ்நாடு அரசு 2021ஆம் ஆண்டு ஆகஸ்டு 5ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்னும் திட்டத்தைத் தொடங்கியது. இரத்தக் கொதிப்புக்கும் நீரிழிவுக்கும் வீட்டிலேயே மருந்து வழங்குதல், படுத்த படுக்கையாய் உள்ளோர்க்கு ஆதரவு சிகிச்சை அளித்தல் ஆகியவற்றுடன் இயன்முறை சிகிச்சையும் இத்திட்டத்தில் இடம் பெற்றது. வட்டாரந்தோறும் ஓர் இயன்முறை சிகிச்சையாளரும், ஆதரவு சிகிச்சைச் செவிலியர் ஒருவரும் நியமிக்கப்பட்டனர். மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீடு வீடாகச் சென்று தேவையுள்ளோரைக் கண்டறிந்தனர். தொற்றா நோய்களைக் கட்டுப்படுத்தும் பணிக்காக 2024இல் இத்திட்டத்திற்கு ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருது கிடைத்தது.

ஒரு வட்டாரத்தில் ஊராட்சிகள் பல. சிகிச்சையாளர் ஒரே வீட்டிற்கு நாள்தோறும் வருவது இயலாத காரியம். அவர் வரும் நாளில் நோயாளியைப் பரிசோதித்து, ஏற்ற பயிற்சியைத் தேர்ந்து, செய்து காட்டி, வீட்டாரைச் செய்ய வைத்துத் திருத்துவார். அடுத்த முறை அவர் வரும்வரை அப்பயிற்சியை நடத்த வேண்டியவர்கள் வீட்டாரே. மருந்துச் சீட்டை வாங்கி மாடத்தில் வைத்துவிட்டு மருந்தை உண்ணாதிருந்தால் நோய் தீருமா? பயிற்சியைக் கற்றுக்கொண்டு செய்யாதிருப்பதும் அதைப் போன்றதே.

பக்கவாதம்: நாட்களின் அருமை

வாய் ஒருபுறம் கோணுதல், தூக்கிய கைகளில் ஒன்று தானே தாழ்ந்துவிடுதல், பேச்சுக் குழறுதல் ஆகிய மூன்றில் ஒன்று திடீரெனத் தோன்றினாலும் உடனே 108 வாகனத்தை அழைக்க வேண்டும். மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாய் அடைபட்டதால் வந்த பக்கவாதமாயின், அடைப்பைக் கரைக்கும் மருந்தை நான்கரை மணி நேரத்திற்குள் செலுத்த வேண்டும். ‘விடியட்டும், பார்ப்போம்’ என்று காத்திருந்தால் அக்காலம் கடந்துவிடும்.

உயிராபத்து நீங்கியதும், மருத்துவர் அனுமதித்த நாளிலிருந்தே பயிற்சி தொடங்குகிறது. மூளையின் ஒரு பகுதி பழுதுபட்டால், அதன் வேலையில் ஒரு பங்கைப் பிற பகுதிகள் ஏற்றுக்கொள்ளக் கூடும். ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்யும்போதுதான் அவை அவ்வேலையைக் கற்கின்றன. முதல் மூன்று மாதங்களில் இம்முன்னேற்றம் விரைவாக இருக்கும்; பின்னர் மெதுவாகும். ‘உடம்பு தேறட்டும், பிறகு பயிற்சி செய்யலாம்’ என்று ஓய்வில் வைத்திருப்பது இந்த அருமையான நாட்களை வீணாக்குவதாகும். இதற்கிடையே அசைக்கப்படாத தசைகள் மெலியும். விரல்களும் கணுக்காலும் மடங்கியபடியே இறுகும். இறுகிய மூட்டைப் பின்னர் நிமிர்த்துவது மிகக் கடினம்.

வீட்டார் கடைப்பிடிக்க வேண்டியவை சில உண்டு. படுத்திருப்பவரை இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைத்தால் படுக்கைப் புண் வாராமல் தடுக்கலாம். செயலிழந்த கைக்கு அடியில் தலையணை வைத்துத் தாங்க வேண்டும். அந்தக் கையைப் பிடித்து இழுத்துத் தூக்குதல் ஆகாது. தசைப்பிடிப்பு இல்லாத தோள்மூட்டு நழுவித் தீராத வலி உண்டாகும். நடக்கையில் துணை செய்பவர் பலவீனமான பக்கத்தில் நின்று, நோயாளியின் இடுப்பில் கட்டிய துண்டைப் பிடித்துக்கொள்ளுதல் நலம். உணவும் நீரும் நிமிர்ந்து உட்கார வைத்தே கொடுக்க வேண்டும். தண்ணீர் குடிக்கும்போது புரையேறினால் அதனை மருத்துவரிடம் தெரிவிப்பது அவசியம்.

கைவிட வேண்டிய வழக்கங்கள்

வாதம் கண்ட அங்கத்தில் புறாவின் இரத்தத்தைத் தேய்க்கும் வழக்கம் இன்னமும் சில ஊர்களில் இருக்கிறது. பாதிப்பு மூளையில் இருப்பதால், தோலின் மேல் எதைத் தேய்த்தும் பயனில்லை, நாட்கள்தான் கழியும். உணர்ச்சி குன்றிய கைகால்களில் சூடான ஒத்தடம் கொடுப்பது இன்னும் ஆபத்தானது. சூடு தெரியாததால் தோல் வெந்து புண்ணாகிவிடும். எண்ணெய் தடவி இதமாக நீவுவதில் குற்றமில்லை. ஆனால் நீவுவதே பயிற்சியாகிவிடாது. வலுக்கட்டாயமாக முறுக்குவதோ தீங்கு செய்யும்.

மூட்டு வலியும் தோள் இறுக்கமும்

வயல் வேலையிலும் சுமை தூக்குவதிலும் ஆயுளைக் கழித்த பெண்கள் பலர் முதுமையில் முழங்கால் வலியால் வருந்துகின்றனர். ‘தேய்ந்த மூட்டை அசைத்தால் மேலும் தேயும்’ என்று அஞ்சி அவர்கள் நடையைக் குறைத்துக்கொள்கின்றனர். உண்மை இதற்கு மாறானது. தொடைத் தசை வலுவிழந்தால் மூட்டின் மேல் பாரம் கூடும். நாற்காலியில் அமர்ந்து, ஒரு காலை நேராக நீட்டி, பத்து எண்ணும் வரை நிறுத்தி, மெதுவாக இறக்க வேண்டும். காலுக்குப் பத்து முறை வீதம் காலையும் மாலையும் செய்து வந்தால் சில வாரங்களில் பயன் தெரியும். ஊன்றுகோலை வலியுள்ள காலுக்கு எதிர்ப்புறக் கையில் பிடிப்பதே முறை. இதனை அறியாதோர் பலர்.

நீரிழிவு உள்ளோர்க்குத் தோள்மூட்டு இறுகிக் கையை உயர்த்த முடியாமற் போவதுண்டு. சுவரில் விரல்களை ஊன்றிப் படிப்படியாக மேலே ஏற்றுதல் இதற்கு எளிய பயிற்சி. வீட்டு உத்தரத்தில் சிறு கப்பியைக் கட்டி, கயிற்றின் இரு முனைகளையும் இரு கைகளில் பிடித்து, நல்ல கையால் மற்றக் கையை மெல்ல உயர்த்துவதும் நன்று. எந்தப் பயிற்சியின்போதும் நெஞ்சு வலியோ, மயக்கமோ, மிகுந்த மூச்சுத்திணறலோ தோன்றினால் உடனே நிறுத்தி மருத்துவரை அணுக வேண்டும்.

குழந்தைகள்

நான்கு மாதமாகியும் தலை நிற்காத குழந்தை, ஒன்பது மாதமாகியும் துணையின்றி உட்காராத குழந்தை, ஒன்றரை வயதாகியும் நடவாத குழந்தை ஆகியோரைத் தாமதமின்றிக் காட்ட வேண்டும். ‘அப்பாவும் தாமதமாகத்தான் நடந்தார்’ என்று பெரியோர் கூறும் ஆறுதலில் மாதங்கள் ஓடிவிடுகின்றன. மூளை வளர்ந்துவரும் பருவத்தில் தொடங்கும் பயிற்சியே மிகுந்த பலன் தரும். அங்கன்வாடிப் பணியாளரிடமோ கிராம சுகாதாரச் செவிலியரிடமோ சொன்னால், மாவட்டத்திலுள்ள தொடக்கநிலை இடையீட்டு மையத்திற்கு வழி காட்டுவார்கள். பள்ளிப் பருவத்தினர்க்கு வட்டார வள மையங்களின் வாயிலாகவும் உதவி உண்டு.

வீட்டிலேயே கருவிகள்

பயிற்சிக்கு விலையுயர்ந்த சாதனங்கள் தேவையில்லை. முற்றத்தில் நான்கு முளைகளை அழுத்தமாக அடித்து, இடுப்பளவு உயரத்தில் இரு மூங்கில்களை இணையாகக் கட்டினால் பிடித்து நடக்கும் கம்பிகள் ஆயின. மடங்கும் விரல்களுக்குச் சுருட்டிய துணி போதும். விரல்களுக்கு நுண்ணிய அசைவு திரும்பப் புளியங்கொட்டைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பல்லாங்குழியில் இடலாம். பேரப்பிள்ளைகள் உடன் அமர்ந்து ஆடினால் நோயாளிக்குச் சலிப்பும் தோன்றாது.

ஊராட்சியின் பங்கு

தேறிய நோயாளி வாசற்படியைத் தாண்ட முடியாவிட்டால் அவர் பெற்ற நடையால் என்ன பயன்? நியாய விலைக் கடை, நூலகம், ஊராட்சி அலுவலகம் ஆகியவற்றில் சரிவுப் பாதையும் கைப்பிடியும் அமைப்பது ஊராட்சியின் கடமை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் பொதுக் கட்டடங்களில் இவ்வசதியை வலியுறுத்துகிறது. படுக்கையில் உள்ளோரின் பெயர்களைக் கிராம சபையினரும் சுய உதவிக் குழுவினரும் துணை சுகாதார நிலையத்திற்குத் தெரிவித்தால் எவரும் விடுபடமாட்டார்கள்.

பயிற்சியால் எல்லோரும் பழைய நிலையை அடைவர் என்று சொல்வதற்கில்லை. ஆயினும் தாமே எழுந்து உட்காருதல், தம் கையால் உண்ணுதல், துணையின்றிக் கழிவறைக்குச் செல்லுதல் ஆகியவற்றில் ஒன்று கைகூடினாலும் அது பெரும் வெற்றியே. நோயாளியின் மானம் காக்கப்படுகிறது. அவரைப் பேணும் பெண்ணுக்கும் வேலைக்குச் செல்ல நேரம் கிடைக்கிறது. சிகிச்சையாளர் வரும் நாள் சில. இடைப்பட்ட நாட்களோ பல. அந்த நாட்கள் ஒவ்வொன்றிலும் காலையிலும் மாலையிலும் அரைமணி நேரம் ஒதுக்கி, அவர் கற்பித்ததைத் தவறாது செய்விப்பதே குடும்பத்தார் செய்யத்தக்க சிறந்த மருத்துவம் ஆகும்.