வானுக்கு வந்த புதிய விருந்தாளி யார்?

மார்கழி இரவுகளிலே திருவாதிரை நட்சத்திரம் செந்நிறமாய்ச் சுடர்வதை நாம் கண்டிருக்கிறோம். அதற்குச் சற்றுத் தென்கிழக்கே, வெறுங் கண்ணுக்கு எதுவுமே புலப்படாத ஓரிடத்தில், 1975ஆம் ஆண்டு ஆகஸ்ட் 3ஆந் திகதி விந்தையொன்று நிகழ்ந்தது.

எக்ஸ் கதிர்களைப் பூமியின் வளிமண்டலம் தடுத்துவிடுகின்றது. ஆதலால் அவற்றை ஆராயும் கருவிகளை விண்ணுக்கே அனுப்புதல் வேண்டும். அவ்வாறு அனுப்பப்பட்ட ஏரியல் 5 என்னும் பிரித்தானிய செயற்கைக் கோள், அவ்விடத்திலிருந்து எக்ஸ் கதிர்கள் புதிதாக வீசுவதைக் கண்டது. சில நாட்களுள் அது, சூரியன் நீங்கலாக, வானத்து எக்ஸ் கதிர் மூலங்கள் அனைத்தையும் விஞ்சிற்று. பின்னர் மெல்ல மெல்ல மங்கிப் போயிற்று.

வந்தது யார்? தொலைநோக்கியாற் பார்த்தபோது, பழைய படங்களில் மிக மங்கலாயிருந்த விண்மீனொன்று பன்னூறு மடங்கு பிரகாசமடைந்திருந்தது. அமெரிக்காவின் ஹாவார்ட் வானாய்வு நிலையத்துப் பழைய கண்ணாடித் தட்டுகளைத் தேடினர். அதே விண்மீன் 1917இலும் இவ்வாறு பொங்கியிருந்தது! அந்நாளிற் கவனிப்பாரில்லை. தட்டுகளைப் பேணி வைத்தோருக்கு நாம் நன்றி கூறல் தகும்.

அங்கிருப்பவை இரண்டு. சாதாரண விண்மீனொன்றின் வாயு, அருகிலுள்ள மிகச் செறிந்த பொருளை நோக்கி வடிந்து, அதனைச் சூழத் தட்டுப்போலச் சேர்கிறது. சேர்ந்தது உள்ளே பாயுங்கால் இலட்சக்கணக்கான பாகை வெப்பமுற்று எக்ஸ் கதிர்களைச் சொரிகிறது. அச்செறிந்த பொருள் நியூத்திரன் விண்மீனா, கருந்துளையா என்பதே வினா. நியூத்திரன் விண்மீனாயின் அதற்கு மேற்பரப்புண்டு. அங்கு குவியும் வாயு திடீரென வெடிப்பதுண்டு. நாடிபோல ஒழுங்காகத் துடிப்பதுமுண்டு. இங்கே இரண்டும் காணப்படவில்லை. ஆயினும் காணாமை மட்டும் சாட்சியாகுமா? நிறுத்துப் பார்த்தாலன்றித் தீர்ப்புக் கூறல் இயலாது.

நிறுப்பதற்கோ, தட்டின் ஒளி அடங்கும்வரை பொறுத்திருக்க நேர்ந்தது. அடங்கிய பின்னரே துணை விண்மீன் தெளிவாகத் தெரியலாயிற்று. ஜெப்ரி மக்கிளின்ரொக், றொனால்ட் றெமிலார்ட் ஆகிய இருவரும் அதன் நிறமாலையை ஆராய்ந்தனர். அது 7 மணி 45 நிமிடத்தில் ஒருமுறை சுற்றி வருகிறது; வேகமோ செக்கனுக்கு 400 கிலோமீற்றருக்கு மேல்! இத்துணை விரைவாக ஓடுவதைப் பிடித்து வைத்திருக்கும் பொருளின் நிறை, குறைந்த கணக்கிலும் சூரியனின் நிறையைப்போல் 3 மடங்குக்கு மேல் என 1986இல் அவர்கள் காட்டினர். நியூத்திரன் விண்மீனொன்று ஏறக்குறைய 3 மடங்குக்கு மேலான நிறையைத் தாங்காது, தன்னுள்ளே இடிந்துவிடும். எனவே கருந்துளை என்னும் முடிவே வலுப்பெற்றது. பிந்திய அளவீடுகள் 6.6 மடங்கு என்கின்றன.

துணை விண்மீனின் வாயு இன்றும் வடிந்துகொண்டேயிருக்கிறது.