நஞ்சு வழக்கும் கணினி அறிவும்

பிழைப்புக்காக மாநிலம் விட்டு வந்த நம்மவர்களில் ஆலைத் தொழிலாளர்கள் அநேகம். மெஷினில் கை சிக்கினால் காயம் கண்ணுக்குத் தெரியும். நுரையீரலுக்குள் போன தூசி தெரியுமா?

கல்நார் எனப்படும் ஆஸ்பெஸ்டாஸையே எடுத்துக்கொள்வோம். அதன் தூசியால் வரும் மீசோதீலியோமா என்ற புற்றுநோய் தலைகாட்ட 20 முதல் 50 ஆண்டுகள்கூட ஆகலாம். அதற்குள் ஆலையே மூடியிருக்கும்; கூட வேலை பார்த்தவர்கள் திசைக்கு ஒருவராய்ப் போயிருப்பார்கள். "எங்க ஆலையிலதான் இந்த நோய் வந்ததுன்னு என்ன அத்தாட்சி?" என்று எதிர்த்தரப்பு கேட்கும். எந்த நஞ்சு, எவ்வளவு, எத்தனை காலம், நோய்க்கு வேறு காரணம் உண்டா என்ற நான்கு கேள்விகளுக்கும் வக்கீல் பதில் வைத்தாக வேண்டும்.

சரி, இதில் செயற்கை அறிவுக்கு என்ன வேலை? மூட்டை மூட்டையாக வரும் மருத்துவச் சீட்டுகள், ஹாஜர் பதிவுகள், தூசி அளவு அறிக்கைகள் எல்லாவற்றையும் படித்து அது தேதிவாரியாக அடுக்கித் தரும். ஒரே பகுதியில் வேலை செய்த பலரின் பதிவுகளை ஒப்பிட்டுக் காட்டும். ஒரு காகிதம் இன்னொன்றோடு முரண்பட்டால் சுட்டிக்காட்டும். மாதக்கணக்கில் ஆகும் வேலை நாட்கணக்கில் முடியலாம். கட்டணம் கொடுக்க வழியில்லாத தொழிலாளிக்கு இது சின்ன விஷயமில்லை.

ஆனால் அது சொல்வதெல்லாம் வேதவாக்கு அல்ல. 2023-இல் நியூயார்க்கில் இரு வக்கீல்கள், சாட்ஜிபிடி கற்பனையாகச் சொன்ன தீர்ப்புகளை நிஜம் என நம்பி மனுவில் சேர்த்தார்கள். நீதிமன்றம் 5,000 டாலர் அபராதம் விதித்தது. நோய்க்குக் காரணம் இதுதான் என்று சாட்சி சொல்ல மருத்துவரும், அதைச் சரிபார்த்து வாதாட வக்கீலும் வேண்டும்.

அதைவிட முக்கியம், இல்லாத காகிதத்தை எந்தக் கணினியும் படிக்க முடியாது. இதை உணர்ந்துதான் போலும், 1995-இல் நமது உச்ச நீதிமன்றம் ஒரு கட்டளை இட்டது. கல்நார்த் தொழிலாளியின் உடல்நலப் பதிவேட்டை வேலையில் சேர்ந்த நாளிலிருந்து 40 ஆண்டுகள், அல்லது வேலையை விட்ட பின் 15 ஆண்டுகள், இதில் எது பிந்தியதோ அதுவரை நிர்வாகம் பாதுகாக்க வேண்டும் என்றது.

நிர்வாகம் வைத்திருக்கட்டும். நாமும் வைத்திருப்போம். அப்பாவின் சம்பளச் சீட்டு, இ.எஸ்.ஐ. அட்டை, பழைய எக்ஸ்ரே ஆகியவற்றைத் தீபாவளிச் சுத்தத்தில் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். எந்தப் பிரிவில், எந்த ஆண்டுகளில் வேலை பார்த்தார் என்பதையும் அவரிடமே கேட்டு எழுதி வையுங்கள்.